குதிகாலைப் பாருங்கள்: பெருமூளை வாதம் உள்ள குழந்தையின் பாதத்தையும் கணுக்காலையும் பேண ஒரு முழுமையான வழிகாட்டி

பெருமூளை வாதம் (சிபி) உள்ள குழந்தை பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியதும் வீட்டில் முதலில் கண்ணில் படுவது, குதிகால் தரையில் படாததுதான். "நரம்பு இழுக்குது" என்பார்கள் பெரியவர்கள். எண்ணெய் தேய்த்து, கால்விரல்களைப் பிடித்து மேலே மேலே தள்ளுவார்கள். அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் அப்படித் தள்ளும்போது வளைவது பெரும்பாலும் கணுக்கால் அல்ல, பாதத்தின் நடுப்பகுதி. சில வருடங்களில் குதிகால் மேலேயே நின்றுவிட, நடுப்பாதம் மட்டும் வளைந்து தொய்ந்து தரையைத் தொடும். வெளியே பார்க்க "பாதம் பதிகிறது" என்று தோன்றும். உள்ளே கணுக்கால் இறுகியபடியே இருக்கும்.

அதனால் பயிற்சி, ஸ்ப்ளின்ட் (காலைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை), செருப்பு, மாவுக்கட்டு, அறுவை சிகிச்சை என்று எதைப் பற்றிப் பேசினாலும் ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இப்போது குதிகால் எங்கே இருக்கிறது?

ஏன் வளர வளர மோசமாகிறது

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு கூடுவதில்லை. ஆனால் எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுத்து நீள்வதில்லை. 3 வயதில் கைக்கு எளிதாக மடங்கிய கணுக்கால் 8 வயதில் மடங்க மறுப்பது இதனால்தான். பிள்ளை சட்டென்று உயரம் போடும் மாதங்களில் இறுக்கம் கூடும். அது உங்கள் கவனக்குறைவால் வந்ததல்ல. ஆனால் அந்த மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

ஆடுசதை என்று நாம் ஒன்றாகச் சொல்வது இரண்டு தசைகள். மேலே இருக்கும் காஸ்ட்ராக்னீமியஸ் முழங்காலுக்கு மேலே தொடங்கிக் குதிகாலில் முடிகிறது. இரண்டு மூட்டுகளைத் தாண்டுகிறது. அதன் அடியில் இருக்கும் சோலியஸ் முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. கணுக்காலை மட்டும் தாண்டுகிறது. கீழே வரும் பாதி விஷயங்கள் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கின்றன.

படி 1: இறுக்கமா, குறுக்கமா என்று பிரித்தறிதல்

குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். அழுகிறபோதோ குளிரும்போதோ வேண்டாம்; குளித்து முடித்து உடம்பு தளர்ந்திருக்கும் நேரம் நல்லது.

உங்கள் ஒரு உள்ளங்கையில் குதிகாலை முழுவதுமாக ஏந்துங்கள், பந்தைப் பிடிப்பதுபோல. அந்தக் கையின் முன்கை, குழந்தையின் உள்ளங்காலோடு ஒட்டிக் கிடக்கட்டும். மற்றொரு கை முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கட்டும். பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து தட்டையாக இருக்கும் பிள்ளை என்றால், முதலில் குதிகாலை மெல்ல உள்பக்கம் திருப்பிக் கெண்டைக்காலுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். உள்பக்கம் திரும்பிய பாதம் என்றால் எதிர்த்திசையில் திருப்பி நேராக்குங்கள். இந்த நேராக்கலைத் தவறவிட்டால் மீதி எல்லாம் வீண். குதிகால் நேராக இருந்தால்தான் நடுப்பாத எலும்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நிற்கும்.

இப்போது குதிகாலைக் கீழ்நோக்கி இழுங்கள். அந்த இழுப்போடு உங்கள் முன்கை தானாகவே உள்ளங்காலை மேலே அணைக்கும். விரல்களைத் தொடவே வேண்டாம். பாதத்தின் வெளி ஓரத்தைப் பாருங்கள்: அது அளவுகோல் வைத்ததுபோல் நேராக இருந்தால் சரி. ஆடும் நாற்காலியின் அடிக்கட்டைபோல் வளைந்தால் நீங்கள் மடக்குவது கணுக்காலை அல்ல. விட்டுவிட்டு, குதிகாலை மறுபடி நேராக்கித் தொடங்குங்கள்.

இதை முழங்காலை நீட்டி வைத்து ஒருமுறையும், மடக்கி வைத்து ஒருமுறையும் செய்து பாருங்கள். மடக்கும்போது நன்றாக வந்து, நீட்டும்போது நின்றுவிட்டால் குறுகியிருப்பது காஸ்ட்ராக்னீமியஸ். இரண்டு நிலையிலும் வரவில்லை என்றால் சோலியஸும் சேர்ந்து குறுகியிருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் சில்வர்ஷோல்டின் பெயர் உண்டு.

அடுத்தது வேகம். கணுக்காலை மெதுவாக மடக்கும்போது எங்கே நிற்கிறது, சட்டென்று மடக்கும்போது எங்கே "பிடித்துக்கொள்கிறது" என்று பிசியோதெரபிஸ்ட் இரண்டு கோணங்களைக் குறிப்பார். டார்டியூ அளவீடு என்பது இதுதான். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் தசையின் நீளம் இன்னும் இருக்கிறது, இறுக்கம்தான் தடுக்கிறது. இறுக்கத்தைத் தளர்த்தும் ஊசி மருந்து (படி 7) அங்கே பயன்படலாம். இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் தசையே குறுகிவிட்டது. அதற்கு ஊசி போட்டுப் பயன் குறைவு. வேகச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது, மாதம் ஒருமுறை படம் எடுப்பது. முழங்கால் நீட்டிய நிலையில், குதிகாலை நேராக்கி, மெதுவாக மடக்கி முடிந்த இடத்தில், ஒருவர் பக்கவாட்டில் கணுக்கால் உயரத்தில் போனை வைத்துப் படம் எடுக்கட்டும். பாதத்தின் வெளி ஓரமும் கெண்டைக்காலின் வெளி எலும்பும் செங்கோணமாக இருந்தால் அது 0 டிகிரி. நடக்கும் பிள்ளைகளுக்கு அதற்கும் மேலே 10 டிகிரி வந்தால் நிம்மதி. 0-க்கும் 10-க்கும் நடுவே என்றால் கவனிக்க வேண்டும். 0-வையே எட்டவில்லை என்றால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். ஸ்வீடனில் 1994-ல் தொடங்கிய கண்காணிப்புத் திட்டமும் இப்படிப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துத்தான் பிள்ளைகளைப் பின்தொடர்கிறது.

படி 2: நடையைப் பக்கவாட்டில் பாருங்கள்

பிள்ளை நடப்பதை முன்னால் இருந்து மட்டும் வீடியோ எடுப்பார்கள். பக்கவாட்டு வீடியோதான் முக்கியம். அரைக்கால் சட்டை போட்டு, செருப்பில்லாமல், போனைப் பிள்ளையின் முழங்கால் உயரத்தில் வைத்து, வருவதும் போவதுமாக நான்கு முறை எடுங்கள்.

குதிகால் தூக்கி இருக்கும் நேரத்தில் வீடியோவை நிறுத்துங்கள். முழங்கால் நேராக இருந்து, கணுக்கால் கீழ்நோக்கி நீண்டிருந்தால் அது உண்மையான நுனிக்கால் நடை. இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்க, கணுக்கால் மட்டும் கிட்டத்தட்ட 90 டிகிரியில் இருந்தால் அது போலி நுனிக்கால். அங்கே குதிகாலைத் தூக்கிப் பிடிப்பது ஆடுசதை அல்ல, மடங்கிய முழங்கால். உங்கள் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு, பாதத்தைச் செங்கோணத்திலேயே வைத்து நின்று பாருங்கள், உங்கள் குதிகாலும் எழும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், போலி நுனிக்கால் உள்ள பிள்ளைக்கு ஆடுசதையை அறுவை செய்து நீட்டிவிட்டால் முழங்காலை நிமிர்த்திப் பிடிக்கும் கடைசிப் பிடிமானமும் போய்விடும். பிள்ளை குந்தியபடியே நடக்கத் தொடங்கும். அதிலிருந்து மீட்டுக் கொண்டுவருவது மிகக் கடினம்.

படி 3: நிமிடக் கணக்கை விட்டு மணிக்கணக்குக்கு வாருங்கள்

காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம் இழுத்துவிட்டால் தசை நீளும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கையால் இழுப்பது மட்டும் தசையை நிரந்தரமாக நீட்டுவதில்லை. 1988-ல் பிரான்சின் டார்டியூ குழுவினர் சில குழந்தைகளில் அளந்து பார்த்தபோது, நாளுக்கு 6 மணி நேரமாவது சோலியஸ் நீண்ட நிலையில் இருந்த பிள்ளைகளுக்குக் குறுக்கம் கூடவில்லை; 2 மணி நேரம் மட்டும் இருந்தவர்களுக்குக் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் போகவேண்டிய திசையைக் காட்டுகிறது.

கைப்பயிற்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஸ்ப்ளின்ட் மாட்டுவதற்கு முன் தசையைத் தளர்த்த அது வேண்டும். படி 1-ல் சொன்ன அதே பிடி. முழங்கால் நீட்டி 5 முறை, மடக்கி 5 முறை, ஒவ்வொன்றும் 30 முதல் 60 விநாடி. வலித்து முகம் சுளித்தால் அளவைத் தாண்டிவிட்டீர்கள். வலியில் தசை இன்னும் இறுகும்.

மீதி நேரத்தை நாளோடு நாளாகத் தேட வேண்டும். பள்ளியில் 4, 5 மணி நேரம் ஸ்ப்ளின்ட்டோடு உட்கார்வது, நிற்கும் சட்டத்தில் (பிள்ளையைத் தாங்கி நிற்க வைக்கும் சட்டம்) ஒரு மணி நேரம், பாதம் முழுதும் தரையில் பதியும் உயரத்தில் நாற்காலி. நாற்காலி உயரமாக இருந்தால் காலடியில் பலகை போடுங்கள். தொங்கும் பாதம் தானாகவே கீழ்நோக்கித்தான் நீளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டிவி பார்க்கும்போது பிள்ளை எப்படி உட்கார்கிறது? மண்டியிட்டு, பாதத்தைப் பின்னால் நீட்டி, அதன்மேல் உட்கார்ந்திருந்தால் ஆடுசதை அத்தனை நேரமும் குறுகிய நிலையில் கிடக்கிறது. காலையில் செய்த பயிற்சியை மாலையில் இரண்டு மணி நேரம் அழித்துவிடும். அந்த நேரத்தைச் சிறு முக்காலிக்கு மாற்றுங்கள்.

தானாக நிற்க முடியாத பிள்ளைகளுக்கு நிற்கும் சட்டத்தில் நாளுக்கு 45 முதல் 60 நிமிடம், வாரம் 5 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். 10 நிமிடத்தில் தொடங்கிக் கூட்டுங்கள். சட்டத்தில் நிற்கும்போதும் ஸ்ப்ளின்ட் இருக்கட்டும். இல்லாவிட்டால் உடல் பாரம் முழுவதும் நடுப்பாதத்தில் இறங்கி அதை வளைத்துவிடும். சக்கரம் வைத்த குழந்தை வாக்கர் வேண்டவே வேண்டாம். அதில் பிள்ளை நுனிவிரலால் தள்ளித் தள்ளி ஓடப் பழகும்.

படி 4: ஏஎஃப்ஓ

முழங்காலுக்குக் கீழிருந்து விரல்வரை வரும் பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட்டுக்கு ஏஎஃப்ஓ என்று பெயர். பழைய ஆட்கள் காலிப்பர் என்பார்கள். பாலிப்ரொப்பிலின் தகட்டைச் சூடாக்கி, பிள்ளையின் கால் அச்சின்மேல் படியவைத்துச் செய்கிறார்கள். அச்சு எடுக்கும்போதே பாதி வெற்றி, பாதி தோல்வி முடிவாகிவிடும். அச்சுக்காகப் போடும் மாவுக்கட்டு ஈரமாக இருக்கும்போது எடுப்பவர் குதிகாலை நேராகப் பிடித்திருக்கிறாரா என்று பாருங்கள். வளைந்த காலில் எடுத்த அச்சில் வளைந்த ஸ்ப்ளின்ட்தான் வரும்.

எந்த வகை என்பது பிள்ளையைப் பொறுத்தது. கணுக்கால் அசையாத திட வகை, இறுக்கம் அதிகமுள்ள பிள்ளைக்கு. கீல் வைத்த வகையில் படியேறுவதும் உட்கார்ந்து எழுவதும் எளிது. ஆனால் முழங்கால் நீட்டிய நிலையில் கணுக்கால் 0 டிகிரியைத் தாண்டி மடங்க வேண்டும், முழங்கால் குந்தாமல் இருக்க வேண்டும். காஸ்ட்ராக்னீமியஸ் குறுகிய பிள்ளைக்குக் கீல் போட்டால் கீல் அசையும்போது அசைவது நடுப்பாதம்தான். குந்தி நடக்கும் பிள்ளைக்கு முன்பக்கம் தகடு வைத்துக் கெண்டைக்காலைப் பின்னுக்குத் தள்ளும் தரை எதிர்விசை ஏஎஃப்ஓ உதவும். முழங்காலும் இடுப்பும் ஓரளவு நிமிரும் பிள்ளைகளுக்கே அது பலன் தரும். இறுக்கம் இல்லாமல் முன்பாதம் மட்டும் தொங்கினால் பின்பக்கம் மெல்லிய தகடாக வளையும் வகை போதும்.

வாங்கும் நாளில் அங்கேயே சரிபாருங்கள்:

- குதிகால் குழிக்குள் முழுவதும் இறங்கியிருக்கிறதா? குழியில் கொஞ்சம் முகப்பவுடர் தூவி, கறுப்பு காலுறையோடு மாட்டி, நிற்க வைத்துக் கழற்றுங்கள். குதிகாலில் வெள்ளை ஒட்டவில்லை என்றால் குதிகால் அந்தரத்தில் நிற்கிறது.
- கணுக்கால் பட்டை குறுக்கே, சாய்வாக 45 டிகிரியில் குதிகாலைப் பின்னும் கீழுமாக இழுக்க வேண்டும். நேர்க்கிடையாக ஓடும் பட்டை குதிகாலைப் பிடிக்காது.
- மேல் விளிம்பு, முழங்காலின் வெளிப்பக்கம் தட்டுப்படும் சிறிய எலும்புக் குமிழுக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். அங்கே ஓடும் நரம்பு அழுந்தினால் பாதத்தைத் தூக்கும் பலமே குறையும்.
- திட வகையில் விளிம்பு கணுக்கால் முட்டிக்கு முன்னால்வரை வர வேண்டும். பின்னால் வெட்டியிருந்தால் பார்க்கத் திட வகை, நடக்கும்போது வளையும்.

மாட்டும்போது முழங்காலை மடக்கி உட்கார வையுங்கள். முதலில் குதிகால், அதை அழுத்திக்கொண்டே கணுக்கால் பட்டை, கடைசியில்தான் மேல் பட்டை. வரிசை மாறினால் குதிகால் மேலேறிக்கொள்ளும். காலுறை முழங்கால்வரை வரும் பருத்தியாக, சுருக்கமில்லாமல் இருக்கட்டும். நம் வெயிலுக்கு மதியம் ஒருமுறை கழற்றித் துடைத்துக் காலுறை மாற்றினால் பாதிப் புண் தவிர்ந்துவிடும்.

முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்தடுத்த நாட்களில் ஒரு மணி கூட்டி, ஒரு வாரத்தில் முழுநேரத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு முறையும் கழற்றியதும் தோலைப் பாருங்கள். இளஞ்சிவப்புத் தடம் 20, 30 நிமிடத்தில் மறைந்தால் சரி. அதற்குமேல் நின்றால், கொப்புளம் எழுந்தால், மாட்டாதீர்கள். செய்தவரிடம் கொண்டுபோய் அந்த இடத்தைச் சூடாக்கித் தள்ளச் சொல்லுங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடாக இருக்கிறதா, கன்றி இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கழற்றிப் போட்டு வைப்பவர்களில் பலர் அப்படிச் செய்வது சரிசெய்யக்கூடிய ஒரு சிறு அழுத்தத்துக்காகத்தான் என்பது வருத்தமான விஷயம்.

இரவில் போடலாமா என்று கேட்பார்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும் உள்ள ஸ்ப்ளின்ட்டோடு பிள்ளை தூங்கினால், முழங்காலை மடக்கிப் படுத்துக்கொள்ளும். காஸ்ட்ராக்னீமியஸுக்கு இழுப்பே கிடைக்காது. முழங்காலையும் சேர்த்துப் பிடித்தால் தூக்கம் கெடலாம். தூக்கத்தைக் கெடுத்து இரவில் போடுவதைவிடப் பகலில் கூடுதல் நேரம் போடுவதே எங்கள் தேர்வு.

வளரும் பிள்ளைக்கு 9 முதல் 12 மாதத்தில் மாற்ற வேண்டி வரும். விரல்கள் விளிம்பைத் தாண்டுவது தெளிவான அடையாளம்.

படி 5: செருப்பும் ஷூவும்

ஏஎஃப்ஓ தனியாக வேலை செய்யாது, ஷூவோடு சேர்ந்துதான். ஒன்று அல்லது இரண்டு அளவு பெரிதாக, அகலமாக, விரல்வரை திறக்கும் வெல்க்ரோ ஷூ வாங்குங்கள். உள்ளே இருக்கும் மெத்தையை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். குதிகால் பக்கம் கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏஎஃப்ஓ என்றால் மறுகாலின் ஷூவுக்குள் மெத்தையை வைத்து உயரத்தைச் சமன் செய்யுங்கள்.

நம் வீடுகளில் ஷூவோடு உள்ளே வருவது வழக்கமில்லை. அதனாலேயே பல பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் வெறுங்காலோடு இருக்கிறார்கள். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு தனி ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். ஷூ இல்லாமல் ஏஎஃப்ஓ மட்டும் போட்டு டைல்ஸில் நடக்க விடாதீர்கள், வழுக்கும்.

ஆனால் நாள் முழுதும் பூட்டியே வைக்கவும் வேண்டாம். மணலில், புல்லில், வெறுங்காலோடு அரை மணி நேரம் பாதம் உணர வேண்டும்.

படி 6: பலம்

இறுகிய தசை பலமான தசை அல்ல. ஆடுசதையும் பலவீனம்தான், பாதத்தை மேலே தூக்கும் முன்தசை அதைவிடப் பலவீனம். வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள்:

முழங்கால் உயரப் பலகையில் உட்கார்ந்து எழுதல், பாதம் முழுதும் பதிந்து, 8 முதல் 10 முறை, மூன்று சுற்று. எழும்போது குதிகால் தூக்கினால் பலகையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். எளிதானதும் புத்தகப் பையில் எடை சேர்த்து முதுகில் மாட்டுங்கள். 10 சென்டிமீட்டர் படியில் ஏறி இறங்குவது அடுத்தது. சரிவில் ஏறி நடப்பது பாதத்தைத் தூக்க வைக்கும். உட்கார்ந்து விரலால் பலூனை உதைப்பது சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

படி 7: மாவுக்கட்டும் ஊசியும்

கணுக்கால் 0 டிகிரியை எட்டத் தவறும்போது தொடர் மாவுக்கட்டு போடுவார்கள். ஒரு வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, கிடைத்த சில டிகிரியில் மறுபடி போட்டு, மொத்தம் 3 முதல் 6 வாரம். விரல் நீலமாவது, வெளுப்பது, சில்லிடுவது, வீங்குவது, தேற்ற முடியாத அழுகை, துர்நாற்றம், கட்டு கீழே நழுவுவது: இதில் எது வந்தாலும் அன்றே, இரவானாலும் சரி, மருத்துவமனைக்குப் போய்க் கழற்றிவிடுங்கள். கட்டு கழன்ற நாளிலேயே போட ஏஎஃப்ஓ தயாராக இருக்க வேண்டும். அது இல்லாமல் கழற்றினால் கிடைத்தது சில வாரங்களில் போய்விடும்.

பொட்டுலினம் ஊசி இறுக்கத்தைத் தளர்த்தும், குறுகிய தசையை நீட்டாது. சில நாட்களில் தொடங்கி, 4 வாரத்தில் உச்சம் தொட்டு, 3, 4 மாதத்தில் தேயும். அந்த மாதங்களில் ஸ்ப்ளின்ட், பயிற்சி எதுவும் செய்யாவிட்டால் பணமும் வலியும்தான் மிச்சம். அடிக்கடி போடுவதால் தசை மெலியும் என்ற கவலை இப்போது வலுத்திருப்பதால், இடைவெளியைக் கூட்டும்படி கேட்கலாம்.

படி 8: அறுவை சிகிச்சை பேச்சு வந்தால்

"குதிகால் நரம்பைக் கொஞ்சம் விட்டுவிட்டால் பாதம் பதிந்துவிடும்" என்று சொல்லப்பட்டால் நிதானியுங்கள். அது நரம்பு அல்ல, தசைநாண். சிறு வயதில் செய்தால் வளர்ச்சியில் மறுபடி குறுகும் வாய்ப்பு அதிகம். முடிந்தால் 7, 8 வயதுவரை மேலே சொன்ன வழிகளில் ஓட்டப் பார்ப்பார்கள். இரண்டு காலும் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் தசைநாணை அளவுக்கு மீறி நீட்டினால் குந்திய நடை வரும். காஸ்ட்ராக்னீமியஸ் மட்டும் குறுகியிருந்தால் அதை மட்டும், தசைப்பகுதியில் நீட்டுவது பாதுகாப்பு. ஒரு பக்கம் மட்டும் பாதிப்பு உள்ள பிள்ளைக்குக் கணக்கு வேறு.

மருத்துவரிடம் மூன்று கேள்விகள்: எந்தத் தசை குறுகியிருக்கிறது? முழங்காலும் இடுப்பும் எப்படி இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்ய வேண்டுமா? கட்டுக் கழற்றியபின் எத்தனை மாதம் பயிற்சி? பக்கவாட்டு வீடியோவைக் கையோடு கொண்டுபோங்கள்.

தமிழ்நாட்டில் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையங்களில் 18 வயதுவரை பார்ப்பார்கள். முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனத்தில் ஸ்ப்ளின்ட் பிரிவு உண்டு. நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா காப்பீட்டில் பெருமூளை வாதம் அடங்கும். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை.

பாதத்தைப் பார்க்கும்போது மறக்கக்கூடாதவை

தானாக நடக்காத பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு சத்தமில்லாமல் நழுவும். வலி தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். பாதம் நன்றாக இருந்தாலும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, இடுப்பு எக்ஸ்ரே எடுங்கள்.

இன்னொன்று, எல்லா நுனிக்காலும் பெருமூளை வாதம் அல்ல. நன்றாக நடந்த பையன் 4, 5 வயதில் நுனிக்காலில் நடக்கத் தொடங்கி, தொடையில் கைவைத்து ஊன்றி எழுந்து, ஆடுசதை தடித்திருந்தால் தசை நோய்க்கான சிகே ரத்தப் பரிசோதனை கேளுங்கள். காலையில் நன்றாக நடந்து மாலையில் கால் முறுக்கிக்கொண்டால், அது மாத்திரைக்குக் கட்டுப்படும் வேறு நோயாக இருக்கலாம். சிறுநீர் கட்டுப்பாடு புதிதாகப் போனால் தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே செய்த செயல்களைப் பிள்ளை மறந்துகொண்டே வந்தால், "சிபிதான்" என்று யார் எழுதியிருந்தாலும், நரம்பியல் மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள்.